கொண்டை ஊசி குத்திய கொடி

மார்ச் 2

சர்வேயர் அவர்களுக்கு,

பதினொரு வருடத்துக்கு முன் நமக்குள் ஆன ஏற்பாட்டின்படி (பேச்சு கிடையாது, எதுவானாலும் எழுத்தில், எழுத்தும் தபாலில்) இதை எழுதுகிறேன்.

வீட்டில் என் பாதியை விற்கிறேன். மகளோடு போய் இருக்கப் போகிறேன். ஜனவரியில் நான் வாசலில் மாட்டிய விற்பனை அட்டையைத் தாங்கள் படித்திருப்பீர்கள். இரண்டு தடவை அது தலைகீழாகத் தொங்கியதையும் நான் கவனித்தேன். வாங்குகிறவர் ஒரு பல் டாக்டர். 21-ம் தேதி அவர் சார்பில் சர்வேயர் வந்து, நம் இரு பாதிக்கும் நடுவே தாங்கள் நட்ட எல்லைக் கல் இரண்டையும் பார்த்து அளப்பார். வாசல் கல் தெரிகிறது. தோட்டத்துக் கோடியில் உள்ள கல் தெரியவில்லை. தங்கள் செடி அதன்மேல் படுத்திருக்கிறது.

செடியின் இன்றைய நிலை: கல்லை மூடி, எலுமிச்சை மரத்தைத் தாண்டி, என் சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே மூன்று மீட்டர் நாற்பது சென்டிமீட்டர். அடுப்புக்கு ஒரு கை தூரத்தில் நிற்கிறது.

20-ம் தேதிக்குள் அகற்றவும்.

இப்படிக்கு,
மறுபாதியில் வசிப்பவர்


மார்ச் 6

அன்பையும் பண்பையும் மாத்திரை மாத்திரையாக எண்ணி உறையில் போட்டுக் கொடுக்கும் என் அருமை அக்காவுக்கு, உன் மகள் குருவிக்கு இந்தப் பூமண்டலத்திலேயே ஒரே ஒரு தாய்மாமனாகிய தம்பி, நெடுஞ்சாண்கிடையாக விழுந்து (மூட்டு வலியால் பாதி வரை விழுந்து) எழுதிக்கொள்வது.

உன் கடிதம் கிடைத்தது. நீ அதை எழுதும்போதே பேனா கீறுகிற சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. 'ஆகா, அக்கா யாரையோ திட்டுகிறாள், பாவம் யாரோ' என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் படுத்தேன். பிறகு அந்தக் கடிதம் தெருமுனைப் பெட்டியில் விழுந்து, நகரத்துக்குப் போய், முத்திரைக் குத்து வாங்கி, வேன் ஏறி, மூன்றாம் நாள் தபால்காரம்மா கையால் என் வாசலுக்கே வந்து சேர்ந்தது. நமக்கு நடுவில் உள்ள சுவரின் கனம் ஒன்பது அங்குலம். உன் கடிதம் எண்பது மைல் நடந்திருக்கிறது.

தபால்காரம்மா படியில் உட்கார்ந்துவிட்டாள். "ஏன் சார், ரெண்டு ஜன்னலுக்கும் நடுவுல ஒரு கயிறு கட்டி, கூடையில வெச்சு இழுத்துக்கக் கூடாதா? எனக்கு முட்டி தேஞ்சு போச்சு" என்றாள். "அம்மா, இது முறைப்படி நடக்கிற சண்டை. கூடையில் வைத்தால் சமாதானம் ஆகிவிடும் அபாயம் இருக்கிறது" என்று விளக்கி, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

இனி செடி விஷயம். அது என் செடி என்று எழுதியிருக்கிறாய். அபாண்டம். நான்கு வருஷத்துக்கு முன்னால் குருவி வேலைக்குப் பறந்தபோது, காது உடைந்த டீக்கோப்பையில் விரல் நீளத்தில் ஒரு துண்டை வைத்து என்னிடம் கொடுத்தாள். "மாமா, இதை மட்டும் சாகடிக்காம வெச்சிரு. அம்மாகிட்ட குடுத்தா டோஸ் பார்த்துத்தான் தண்ணி ஊத்துவா" என்றாள். ஊற்றினேன். நான் செய்த குற்றம் அவ்வளவுதான். முதல் வாரம் அது மேசைமேல் இருந்தது. இரண்டாம் வாரம் மேசையைக் காணவில்லை. கோப்பையோடு தூக்கி வெளியே வைத்தேன். அன்று மழை. மறுநாள் காலையில் செருப்பைத் தேடினால் ஒற்றைச் செருப்புதான் இருக்கிறது. இன்னொன்று நான்கு நாள் கழித்துத் தெருமுனையில் இலையும் கிளையுமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. ஒரு பூனை அதன்மேல் படுத்துத் தூங்கியது. கண் விழித்தபோது அது வேறு வார்டில் இருந்தது. ஒரு கணு மண்ணைத் தொட்டால் போதும், வேர். ஒரு வேர் விட்டால் போதும், குடும்பம். குடும்பம் ஆகிவிட்டால் அப்புறம் அதை யார் கேட்க முடியும்? இலையைப் பார்த்தாயா? மேலே வெள்ளிப் பட்டை இரண்டு, நடுவில் ஊதா, அடியில் பீட்ரூட் சிவப்பு. சீருடை போட்ட படை அக்கா அது! படையை நான் எப்படி அகற்றுவது?

ஆகவே கல்லை மறைத்தது செடி, நான் அல்ல. கல்லைப் பற்றி என்னிடமே எழுதுகிறாயே! முப்பத்துநான்கு வருஷம் இந்தக் கையால் கல் நட்டவன் நான். ஒரு விரற்கடை தப்பியதில்லை. நான் அளவுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு வந்தால் மலைகள் மூச்சை அடக்கி நிமிர்ந்து நிற்கும். ஆறுகள் வளைந்து ஓடுவதே நான் அளக்க வராத ஊர்களில்தான்.

பல் டாக்டரா? அங்கே அவர் பிடுங்கினால் இங்கே நான் அல்லவா கத்த வேண்டியிருக்கும்?

நிஜமாகவே விற்கிறாயா? உன் அலாரம் ஐந்தே முக்காலுக்கு அடித்தால்தான் நான் எழுந்திருக்கிறேன். டாக்டர் எத்தனை மணிக்கு அலாரம் வைப்பார் என்று விசாரித்தாயா?

உன்,
தம்பி


மார்ச் 9

சர்வேயர் அவர்களுக்கு,

பூனை பற்றிய குறிப்பு தேவையற்றது.

தங்களை நம்பிப் பயனில்லை என்று நேற்று நானே குனிந்து செடியை இழுத்தேன். வரவில்லை. மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். கணுவுக்குக் கணு கொண்டை ஊசி. தண்டை வளைத்து மண்ணோடு சேர்த்துக் குத்தியிருக்கிறது. கல்லைச் சுற்றி ஒரு சதுர மீட்டரில் நாற்பத்தேழு வரை எண்ணினேன். அதற்குமேல் முதுகு ஒத்துழைக்கவில்லை.

செடி தானாகக் கொண்டை ஊசி குத்திக்கொள்ளாது. அதற்குக் கொண்டை இல்லை. தங்களுக்கும் இல்லை. தங்கள் தலையில் கடைசி முடி போய் இருபது வருடம் ஆகிறது. தெருமுனைக் கடைக்காரரிடம் கேட்டேன். "சார் ஜனவரியிலேர்ந்து வாரம் ரெண்டு அட்டை ஊசி வாங்கறாரு மேடம். வீட்டுல யாரோ ஆள் இருக்காங்கன்னு நாங்க பேசிக்கிட்டோம், கேக்கத்தான் கூச்சமா இருந்துச்சு" என்றார். தங்கள் பெயருக்கு அங்கே என்ன ஆகியிருக்கிறது என்பதைத் தெரியப்படுத்துகிறேன்.

விற்பனை நடக்கக் கூடாது, அதற்காகக் கல்லை ஒளிக்கிறீர்கள். இதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. வீட்டைப் பிரித்த அன்று நடந்ததை மறக்கவில்லை. அளந்தது நீங்கள், கல் நட்டது நீங்கள். கடைசியில் தோட்டத்துக் குழாய் ஒரு சாண் வித்தியாசத்தில் உங்கள் பக்கம். எனக்கு எலுமிச்சை மரம், அதற்கு ஊற்றத் தண்ணீர் இல்லை. அன்று நான் நேருக்கு நேர் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "கல்லைத் தள்ளி நட்டியாடா?" தாங்கள் பதில் சொல்லாமல் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனீர்கள். மடியில் கனம் இல்லாதவர் ஏன் வாயை மூட வேண்டும்?

20-ம் தேதி. நினைவிருக்கட்டும்.

மறுபாதி


மார்ச் 13

கழுகுக் கண்ணும் கம்பவுண்டர் மூளையும் கொண்ட அக்காவுக்கு,

நாற்பத்தேழா! வெறும் நாற்பத்தேழை எண்ணிவிட்டு முதுகு வலிக்கிறது என்கிறாய். குத்தியவனுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தாயா?

சரி, ஊசியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உள்நோக்கம் கிடையாது. செடிகள் பெண்மக்கள் கூந்தலைப் போல, காற்றில் கலைந்துவிடும் என்று ஓர் அக்கறையில்… இல்லை. அடித்துவிடுகிறேன். எழுதி அடித்ததும் தெரியும்படி இருக்கட்டும். விற்பனை அட்டை மாட்டிய அன்றுதான் முதல் ஊசி வாங்கினேன். கடைக்காரன் என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தபோது, 'சிரி, சிரி, பெரிய காரியம் செய்கிறவர்களைப் பார்த்து உலகம் இப்படித்தான் சிரிக்கும்' என்று எண்ணிக்கொண்டேன். இப்போதுதான் அவன் எதற்குச் சிரித்தான் என்று புரிகிறது. அறுபத்தாறு வயதில் எனக்கு இப்படி ஒரு கீர்த்தி!

ஆனால் ஒன்று கேட்கிறேன், நெஞ்சில் கை வைத்துச் சொல். என் பக்கம் செடி கணுக்கால் உயரம்தான். இலை விரல் அகலம். உன் பக்கம் போய்ப் பார்த்தால் இலை ஒவ்வொன்றும் முறம்! தண்டு கட்டைவிரல் கனம்! நேற்று அதன் மறைவில் ஒரு ஆள் சைக்கிளை நிறுத்திவிட்டுப் போய், திரும்பி வந்து தேடிக்கொண்டிருந்தான். நான் ஊசிதான் குத்தினேன். நீ அதற்கு என்ன ஊட்டினாய்?

இன்னொன்று. அந்தக் கல்லைப் பார்த்தே ஆக வேண்டுமா? வாசல் கல் இருக்கிறதே, ஜம்மென்று. ஒரு கல் உண்மை பேசினால் அதன் தம்பிக் கல்லும் பேசும் என்று ஒரு நம்பிக்கை வேண்டாமா? மண்ணுக்குள் தூங்குகிற கல்லை எழுப்புவது நல்லதல்ல என்று எங்கள் தொழிலில் சொல்வார்கள். (யார் சொன்னது என்று கேட்காதே. நான்தான், சற்று முன்னால்.)

வரப்போகிற சர்வேயர் யார்? கண் சரியாகத் தெரிகிறவரா?

தம்பி


மார்ச் 17

சர்வேயர் அவர்களுக்கு,

கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்வது என் தொழில் பழக்கம். ஆகவே சொல்கிறேன். தாங்கள் இதை வேறு யாரிடமும் சொல்லக் கூடாது.

ஜனவரி மாதம், செடி என் பக்கம் எட்டிப் பார்த்தபோது, அதைக் கொல்ல முடிவு செய்தேன். பரண்மேல் காலாவதியான சத்து டானிக் பதினேழு பாட்டில் இருந்தது. எனக்கென்று வாங்கி நான் குடிக்காதது. ஊர் முழுக்க 'மூன்று வேளை, தவறாமல்' என்று சீட்டு எழுதிக் கொடுத்தவள், தன் விஷயத்தில் ஒரு வேளைகூடக் குடித்ததில்லை. காலாவதியானது எதையும் கொல்லும் என்று கணக்குப் போட்டு, வாரம் இரண்டு பாட்டில் வீதம் வேரில் ஊற்றினேன்.

நோக்கம்: சாவு. விளைவு: தாங்கள் பார்த்தது.

முப்பத்தொரு வருட வேலையில் ஒரு நோயாளிக்கும் நான் மருந்தை மாற்றிக் கொடுத்ததில்லை. இது முதல் தடவை. நோயாளி பேசாத ஜாதி என்பதால் தப்பித்தேன்.

வரப்போகும் சர்வேயர் ஒரு பெண். தங்கள் பழைய ஆபீஸ்தானாம். தொலைபேசியில் தங்களைப் பற்றிச் சொன்னதும் எழுந்தே நின்றுவிட்டாள் என்று நினைக்கிறேன், நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "சங்கிலி சார் நட்ட கல்லா மேடம்? அப்ப அளக்கவே வேண்டாம். சூரியன் கிழக்கே உதிக்குதான்னு போய்ப் பார்க்கற மாதிரி. இருந்தாலும் ரூல்ஸ், வந்து அளந்துடறேன்" என்றாள்.

இவ்வளவு பெயர் உள்ளவர் ஒரு கல்லைக் காட்ட ஏன் இப்படிப் பயப்படுகிறீர்கள்?

20-ம் தேதி மாலைக்குள் செடி போகவில்லையென்றால் மண்வெட்டியோடு ஆள் வரும்.

அலாரத்தை விட்டுவிட்டுப் போகிறேன். சாவி கொடுக்கத் தெரியும் அல்லவா?

மறுபாதி


மார்ச் 20

அக்கா,

இந்தக் கடிதம் உன் கைக்கு 23-ம் தேதிதான் வரும். நாளை கல்லை அளந்துவிடுவார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் நீ இதைப் படிப்பாய் என்ற தைரியத்தில்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். வீரம் என்பதே பாதி தபால் துறையின் தாமதத்தால் உண்டாவது.

இன்று காலை ஏழு மணிக்குப் படையெடுத்தேன். கையால்தான். மண்வெட்டி பட்டால் ஒவ்வொரு துண்டும் ஒரு புதுச் செடி, குருவியின் கோப்பையைப் போல நூறு கோப்பை தேவைப்படும். குனிந்து, உட்கார்ந்து, கடைசியில் படுத்துக்கொண்டே பிடுங்கினேன். இருநூற்றுப் பன்னிரண்டு ஊசி, ஒரு வாளி நிறைய. பதினோரு மணிக்கு அரிப்பு ஆரம்பித்தது. அந்தச் சாறு பட்டால் அரிக்கும் என்று யாராவது சொன்னார்களா? முழங்கை, கழுத்து, நெற்றி, அப்புறம் மரியாதையான கடிதத்தில் எழுதக் கூடாத இடங்கள். நான் ஆடிய ஆட்டத்தைத் தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள், ஒருவர் கைதட்டினார்.

தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தால், எலுமிச்சை மரத்தடியில் ஒரு ரோஸ் நிற லோஷன் பாட்டில். மேலே உன் கையெழுத்தில் சீட்டு: 'வெளிப்பூச்சுக்கு மட்டும். குடிக்கக் கூடாது. உங்களைத் தெரியும்.' பதினொரு வருஷத்தில் தபால்தலை ஒட்டாமல் நீ எனக்கு எழுதிய முதல் எழுத்து இது. பூசிக்கொண்டேன். இப்போது நான் தலை முதல் கால் வரை ரோஸ் நிறத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஆகவே நான் சொல்லப்போவதை அந்த நிறத்திலேயே கற்பனை செய்துகொள்.

ஆமாம். கல்லைத் தள்ளித்தான் நட்டேன்.

ஆனால் நீ நினைக்கிற பக்கம் இல்லை. வரைபடத்தில் வீட்டுக்குச் சரிபாதியாகக் கோடு போட்டேன். கோடு குழாயை ஒரு சாணில் என் பக்கம் விட்டது. அது நியாயம், அதில் கள்ளம் இல்லை. அதே கோடு நேரே போய் எலுமிச்சை மரத்தையும் என் பக்கம் விட்டது. நீ பத்தொன்பது வயதில், முதல் மாதச் சம்பளத்தில் வாங்கிய செருப்பின் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்து நட்ட கன்று. மூன்று தடவை சங்கிலி இழுத்தேன். மலைகள் எனக்காக நிமிரும், ஆறுகள் எனக்காக ஒதுங்கும், அந்த மரம் மட்டும் இம்மி நகரவில்லை. நீ டீ போட உள்ளே போயிருந்தாய். கோடு மாறாவிட்டால் போகட்டும், கல் மாறட்டும் என்று, குழியை ஒன்றரை அடி என் பக்கமாகத் தோண்டி நட்டுவிட்டேன். மரம் உன்னுடையதாகிவிட்டது. குழாய் வீட்டை ஒட்டி இருப்பதால் அங்கே கோடு இரண்டு மூன்று அங்குலம்தான் சாய்ந்தது, அது என் பக்கமே நின்றுவிட்டது.

நீ டீயோடு வந்தாய். உன் கண் குழாய்மேல் போனது. "கல்லைத் தள்ளி நட்டியாடா?" என்றாய். நான் என்ன சொல்வேன்? இல்லை என்றால் பொய். ஆமாம் என்றால், முப்பத்துநான்கு வருஷத்தில் சங்கிலி சார் ஒரு கோணல் கல் நட்டார் என்று ஆகிவிடும். ஒரு கல் கோணல் என்றால் நான் நட்ட அத்தனை கல்லையும் ஜனங்கள் சந்தேகப்படுவார்கள். ஊர் ஊராக அண்ணன் தம்பிகள் கம்பை எடுப்பார்கள். திருடன் என்ற பெயர் எனக்கும் உனக்கும் நடுவில் இருந்துவிட்டுப் போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

'மரத்தை எடுத்துக்கோ அக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே' என்பாய். சொல்லியிருந்தால் வாங்கியிருப்பாயா? இனாமாக வந்தால் இருமல் மிட்டாய்கூட வாங்காதவள் நீ. 'குழாயையும் தள்ளியிருக்கலாமே' என்றும் கேட்பாய். என் உடம்பு ஒரு நாளைக்கு ஒரு பொய்க்குமேல் தாங்காது.

கல்லைச் செடிக்குள் ஒளித்தது மானத்துக்காகவா, நீ போகாமல் இருப்பதற்காகவா என்று கேட்டால் எனக்கே சரியாகத் தெரியாது. இருநூற்றுப் பன்னிரண்டில் எத்தனை ஊசி எதற்கு என்று பிரித்து வைக்கவில்லை.

தம்பி


மார்ச் 22

டேய்,



நேற்று அந்தப் பெண் மூன்று தடவை அளந்தாள். வாசல் பக்கம் வரைபடம் சொல்வது அப்படியே இருக்கிறது. தோட்டத்துக் கோடியில் கல் நாற்பத்தாறு சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. அவள் முகம் வெளுத்துவிட்டது. "மேடம், என் டேப்புலதான் ஏதோ கோளாறு. வேற டேப் இருக்கா?" என்றாள். உன்னைச் சந்தேகப்பட அவளுக்கு மனம் வரவில்லை. என் தையல் டேப்பைக் கொடுத்தேன். அதுவும் நாற்பத்தாறுதான் காட்டியது.

"எந்தப் பக்கம் ஜாஸ்தி?" என்று கேட்டேன். "உங்க பக்கம் மேடம். வரைபடப்படி இந்த மரம் சாரோடது" என்றாள்.

நீ உன் ஜன்னல் திரைக்குப் பின்னால் ரோஸ் நிறத்தில் நின்றுகொண்டிருந்தாய். நான் பார்த்தேன். நான் பார்த்ததும் நீ உட்கார்ந்துவிட்டாய்.

எதுக்குடா?

டாக்டருக்கு 30-ம் தேதிக்குள் பதில் வேண்டும். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கல்லைப் பிடுங்கி வரைபடம் சொல்கிற இடத்தில் நடுவது. அப்படிச் செய்தால் 'முந்தைய சர்வேயரின் பிழை' என்று உன் பெயர் போட்டுப் பதிவேட்டில் எழுத வேண்டுமாம். அந்தப் பெண் இதைச் சொல்லும்போது அழுகிற மாதிரி இருந்தாள். இரண்டாவது, கல் இருக்கிற இடத்துக்கு வரைபடத்தைத் திருத்துவது. அப்படியானால் மரம் என் பாதியோடு டாக்டருக்குப் போகும். அவர் அதை வெட்டிவிட்டுக் கார் நிறுத்துவாராம். நேற்றுதான் சொன்னார். காலடியால் அளந்துகூடப் பார்த்துவிட்டார்.

பதினொரு வருடமாக ஒருவனைத் திருடன் என்று நினைத்துக்கொண்டு பக்கத்திலேயே படுத்துத் தூங்கியிருக்கிறேன். இதற்கு எந்த அலமாரியிலும் மருந்து இல்லை.

அக்கா


மார்ச் 24

அக்கா,

நம் கடிதங்கள் நேற்று வேனில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு போயிருக்கும். உன் கேள்விக்குப் பதில் இதற்குள் உன் கையில் இருக்கும்.

இன்று காலை தபால்காரம்மா உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டு நகரவில்லை. "சார், இந்தத் தடவை மேலுறையில சர்வேயர் அவர்கள்னு இல்ல. தம்பிக்குன்னு எழுதியிருக்கு. விலாசம் தப்பா?" என்றாள். "விலாசம் சரிதான் அம்மா" என்றேன். "அப்ப கூடை?" என்றாள். "கொஞ்சம் பொறு" என்றேன்.

யோசித்துப் பார்த்தேன். இதை நான் மீசையை முறுக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் அங்கே இன்னும் லோஷன் காயவில்லை.

கல்லைப் பிடுங்கி நடச் சொல். பதிவேட்டில் என் பெயரைப் போட்டுப் பிழை என்று எழுதிக்கொள்ளட்டும். நானே வந்து கையெழுத்துப் போடுகிறேன். மரம் என் பக்கம் வந்துவிட்டால் எந்தப் பல் டாக்டரும் அதன்மேல் கை வைக்க முடியாது. நீயும் நிம்மதியாகக் குருவியிடம் போகலாம். முப்பத்துநான்கு வருஷக் கீர்த்தியில் ஒன்றரை அடி குறைந்தால் மீதி நிறையவே இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு இன்னும் பத்து மலையை நிமிர்த்தலாம். மலைகளுக்குச் செய்தி எட்டாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

காய் காய்த்தால் அனுப்பி வைக்கிறேன். அப்போதாவது தபால்காரம்மாவுக்கு உண்மையான தூரத்துக்கு ஒரு பார்சல் இருக்கும்.

அந்தப் பெண்ணிடம் சொல், அவள் டேப் நல்ல டேப் என்று.

தம்பி


மார்ச் 27

(தபாலில் போடவில்லை. எலுமிச்சை மரத்தில், உன் வாளியிலிருந்து எடுத்த கொண்டை ஊசியால் குத்தி வைத்திருக்கிறேன். நீ காலையில் பல் விளக்க இந்தப் பக்கம்தான் வருவாய்.)

டேய் தம்பி,

உன் இரண்டு கடிதமும் படித்தேன். 20-ம் தேதி எழுதியதை நான்கு வேளை படித்தேன். அளவு மீறிவிட்டது, தெரியும்.

பல் டாக்டரை வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொண்டார். என் கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது, அதற்கு இனி வேறு டாக்டர் பார்க்க வேண்டும். குருவியிடம் மூன்று மாதம் போய் இருந்துவிட்டு வருவேன். 'என்னம்மா திடீர்னு?' என்றாள். 'உன் மாமா வீட்டைப் பார்த்துக்கொள்ள மாட்டான், நான் திரும்பி வராவிட்டால் வீட்டைச் செடிதான் பார்த்துக்கொள்ளும்' என்றேன். அரை மணி நேரம் சிரித்தாள்.

உன் கல் நகராது. காகிதம் நகரட்டும். வரைபடத்தைத் திருத்தித் தரச் சொல்லியிருக்கிறேன். திருத்திவிட்டால் கல் இருக்கிற இடம்தான் சரியான இடம், பிழை என்ற பேச்சே பதிவேட்டில் வராது. அந்தப் பெண் "தேங்க்ஸ் மேடம்" என்று உன் சார்பில் மூன்று தடவை சொன்னாள். திங்கள்கிழமை பத்து மணிக்கு சர்வே ஆபீஸில் இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டும். அதிகாரி கேள்வி கேட்டால் வாயால் பதில் சொல்ல வேண்டுமாம், தபாலில் முடியாதாம். பதினொரு வருடம் பூட்டிக் கிடந்த தொண்டை, நேரே அங்கே போய்த் திறந்தால் சிக்கும். ஆகவே இன்று மாலை ஐந்து மணிக்கு மரத்தடியில் பழகிப் பார்க்கலாம். டீ நான் கொண்டுவருகிறேன். பத்து நிமிடம், அதற்குமேல் வேண்டாம், முதல் நாள். மலை, ஆறு எல்லாம் இரண்டாம் நாளிலிருந்து.

குழாய் உன் பக்கம், மரம் என் பக்கம். நடுவில் ஒரு ஹோஸ் போட்டால் முடிந்திருக்கிற விஷயம். படித்தவர்கள் இரண்டு பேர் இருந்தும் தோன்றவில்லை பார்.

சமையலறைக்குள் வந்ததை நான் வெட்டவில்லை. மூன்று மீட்டர் நாற்பது என்று எழுதியிருந்தேன் அல்லவா, இப்போது நான்கு மீட்டர் பத்து. டானிக் இன்னும் இரண்டு பாட்டில் மிச்சம் இருக்கிறது. அலமாரிமேல் ஏறிவிட்டது, அங்கிருந்து நழுவி நழுவி அடுப்புப் பக்கம் விழுகிறது. சுவரோரமாகப் பிடித்துக் கட்ட வேண்டும். வரும்போது கடையில் கொண்டை ஊசி இரண்டு அட்டை வாங்கி வா.

கடைக்காரர் கேட்டால், ஆமாம், வீட்டில் ஆள் இருக்கிறது என்று சொல்.

அக்கா